செயலாளர் நீக்கிய அகரம்

மிச்சம் மோர்டன் முத்தமிழ்ப் பேரவையில் நூற்றுக்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் இருந்தோம். எங்களில் பதவி இல்லாதவர்கள் மூன்றே பேர். ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல் நோர்வேக்கே திரும்பிப் போய்விட்டார். மூன்றாவது ஆள் நான். பதவி இல்லாத காரணத்தால் எல்லாவற்றையும் நின்று பார்க்க எனக்கு நேரம் இருந்தது. ஆகவே 2009ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் தலைவர் சண்முகராசா வெளியேற இருந்த வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இதற்காவது ஒரு பதவி தந்தார்களா என்று கேட்காதீர்கள்.

பேரவை என்றதும் தூண் வைத்த மண்டபம் ஒன்றை நினைத்துவிட வேண்டாம். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த ஊரான மிச்சத்தில் ட்ராம் தரிப்பிடத்துக்குக் கிட்ட ஒரு பலசரக்குக் கடை. கடைக்கு மேலே மாடியில் ஓர் அறை. அந்த அறைக்குப் போக, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத ஒரு படிக்கட்டு. அறைக்குள் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கதிரை. கதிரையில் தலைவர். ஊரின் பெயர்தான் மிச்சம். அறையில் வேறு எதற்கும் மிச்ச இடம் கிடையாது.

ஒரு பிரச்சினை வந்தால் மற்ற இடங்களில் அதைத் தீர்ப்பார்களாம். நாங்கள் அதற்கு ஒரு குழு அமைப்போம். பரீட்சைக் குழு, ஆண்டு விழாக் குழு, விளையாட்டுக் குழு, கருவிக் குழு, சிற்றுண்டிக் குழு, சிற்றுண்டிக் குழுவின் கையை அவதானிக்கும் குழு என்று அது ஆலமரம்போலப் படர்ந்திருந்தது. இந்த நிலையில்தான் பிரியந்தன் என்ற பொடியன், கனடாவுக்குப் போவதற்கு முன்னால், பேரவைக்கு ஒரு கம்ப்யூட்டரை ஆயத்தம் செய்து கொடுத்தான். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தான். நிர்வாகம் அதை ஏகமனதாக ஏற்றுக்கொண்டது. லினக்ஸ் இலவசம். அது தமிழில் பேசும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள்ளும் குழுக்கள் இருந்தன.

கோப்புகள் வைக்கும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு குழு. குழுவில் உங்கள் பெயர் இருந்தால் கதவு திறக்கும். இல்லாவிட்டால் திறக்காது, நீங்களே எழுதி உள்ளே வைத்த கோப்பாக இருந்தாலும் திறக்காது.

"உது எங்கட யாப்பைப் படிச்ச மெஷின்" என்றார் தலைவர், பேரவையின் விதிப்புத்தகத்தை நினைத்து மனம் குளிர்ந்து.

எல்லாக் குழுக்களுக்கும் மேலே ஒரு நிர்வாகக் குழு. யாரை எதில் சேர்ப்பது, யாரை எதிலிருந்து எடுப்பது என்ற அதிகாரம் அந்தக் குழுவில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான். அதில் தலைவர் பெயர் ஒன்றே இருந்தது. அப்படிச் செய் என்று பிரியந்தனுக்கு யாரும் சொல்லவில்லை. பேரவையில் வளர்ந்த பிள்ளை, அவனுக்கே விளங்கியிருக்கிறது.

பிரியந்தன் தலைவரின் பெயரைத் தட்டி அவரை உள்ளே அனுப்பிய நாளிலிருந்து தலைவர் அந்தக் கம்ப்யூட்டரை விட்டு வெளியேறியதே இல்லை. இரண்டு வருடங்கள். இரவில் வீட்டுக்குப் போவார், கம்ப்யூட்டருக்குள் இருப்பார். சுவரிலுள்ள சுவிட்சுக்கு மேல் 'தலைவர் உள்ளே இருக்கிறார். அணைக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தது. வேறு யாராவது தங்கள் பெயரில் உள்ளே போக வேண்டுமென்றால், 'பயனரை மாற்று' என்ற இடத்தை அழுத்தினால் தலைவர் உள்ளேயே இருக்க இன்னொருவரும் உள்ளே வரலாம். 'மாற்று' என்ற சொல் தலைவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. என்றாலும் பெருந்தன்மையாக விட்டிருந்தார்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. முன்னொரு பொதுக்கூட்டத்தில் அப்போதைய தலைவர் தேநீர் எடுக்க எழுந்து போனார். திரும்பி வந்தபோது தேநீர் அவர் கையில் இருந்தது. தலைவர் பதவி சண்முகராசா அண்ணையின் கையில் இருந்தது. அன்றுமுதல் சண்முகராசா அண்ணை கூட்டங்களில் தேநீர் குடிப்பதில்லை.

இனி யசோதினி ரீச்சரைச் சொல்ல வேண்டும். வார நாட்களில் ஒரு மருந்துக்கடையில் வேலை. சனிக்கிழமைகளில் மோர்டனில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபத்தில் பேரவையின் தமிழ் வகுப்பு. அந்த வருடம் வசந்தம் முழுக்க நாங்கள் எல்லோரும், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி, பாராளுமன்றத்துக்கு முன்னால் குளிரில் நின்றுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள். அதற்குப் பிறகு பலருக்கு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரீச்சருக்குத் தெரிந்திருந்தது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார். வகுப்பில் மூத்த பிள்ளைகளைத் தமிழ்ப் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்தினார். பரீட்சையில் ஒரு பாதி வாய்மொழி. ஒவ்வொரு பிள்ளையும் பேசுவதைப் பதிவு செய்து, குறித்த திங்கட்கிழமைக்குள் பரீட்சைச் சபையிடம் கொடுக்க வேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மஹதி. கும்பகோணத்துக்காரரான சேகரின் மகள். சேகர் கானரி வார்ஃபில் ஒரு வங்கியில் இதே லினக்ஸ் இயந்திரங்களைக் கட்டி மேய்க்கிறவர். வீட்டுக்குக் கிட்ட இருந்த தமிழ் வகுப்பு இதுதான் என்பதால் மகளை இங்கே சேர்த்திருந்தார். முதல் நாளே மஹதி "ஆமா மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. கெட்ட பிள்ளைகள் இல்லை. 'ஆமா'வுக்கு 'ஓம்' என்று கேட்டுப் பழகிய காதுகள். ஆனால் மஹதி அதற்குப் பிறகு வகுப்பில் வாய் திறக்கவில்லை. எழுதுவாள், தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

பதிவு நடந்த நாளில் ரீச்சர் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, "உமக்கு விருப்பமானதைச் சொல்லும்" என்று கேட்டிருக்கிறார். மஹதி, நாள் முழுக்க ஓடிய ரயில்கள் மோர்டனில் எங்கே போய்த் தூங்கும் என்பதைப் பற்றி, நிறுத்தாமல், பத்து நிமிடம் பேசினாளாம்.

"நான் ஒரு சொல்லும் எடுத்துக் குடுக்கேல்லை" என்று ரீச்சர் சேகரிடம் சொன்னார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. "ஆனா இன்னொருக்காப் பேசச் சொன்னால் பேச மாட்டாள். அது எனக்கு வடிவாத் தெரியும்."

பேரவைக்கு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுதான். பதிவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டதும் கருவியைப் பதிவு ஒன்றும் இல்லாமல் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது கருவிக் குழுவின் விதி. ரீச்சர் விதிப்படி எல்லாப் பதிவுகளையும் பரீட்சைக் குழுவின் அறைக்குள் போட்டார். விதிப்படி கருவியைத் துடைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் செயலாளர் குகநாதன், ரீச்சர் நன்றாக உழைக்கிறார் என்று பாராட்டி, அவரைக் கேட்காமலே, தலைவரைக் கடவுச்சொல் போட வைத்து, ஆண்டு விழாக் குழுவிலும் சேர்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ரீச்சர் வந்து பதிவுகளை எடுக்கப் பார்த்தபோது திரையில் இப்படி எழுதியிருந்தது: 'அனுமதி மறுக்கப்பட்டது.'

தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார்.

"ஆர் மறுத்தது?"

செயலாளர் குகநாதன் பண்டிதர் பரீட்சை எழுதியவர். ஒற்றுப் பிழை ஒன்றைக் கண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அவரும் குனிந்து பார்த்தார். "பேர் போடேல்லை அண்ணை. செயப்பாட்டு வினையிலை எழுதியிருக்கு."

"மறுக்கிறவன் பேரைப் போட்டெல்லோ மறுக்க வேணும்?"

"எங்கட கடிதங்களிலையும் நாங்கள் அப்பிடித்தானே அண்ணை எழுதுறனாங்கள். 'விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது' எண்டு."

"அது வேற" என்றார் தலைவர்.

ரீச்சர் பொறுமையாக, "அண்ணை, திங்கட்கிழமை குடுக்க வேணும்" என்றார்.

ரீச்சருக்கு மறுக்கப்பட்டது தலைவருக்கு மறுக்கப்படாது என்று முடிவாயிற்று. ஆகவே தலைவரையே பரீட்சைக் குழுவில் சேர்த்து, அவர் கையாலேயே கதவைத் திறப்பது என்று தீர்மானித்தார்கள். ஆட்களைக் குழுக்களில் சேர்ப்பதற்குரிய கட்டளையைப் பிரியந்தன் ஒரு துண்டில் எழுதிவிட்டுப் போயிருந்தான். தலைவர் தன் கடவுச்சொல்லைப் போட, செயலாளர் கட்டளையைத் தட்டினார். இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் தட்டிப் பார்த்தார்கள். மறுபடியும், 'அனுமதி மறுக்கப்பட்டது.'

தலைவருக்கே!

செயலாளர் உடனே சேகருக்குப் போன் எடுத்தார். சேகர் அப்போது வேலை முடிந்து ரயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தார். கேட்டவுடனே, அந்தத் தொழிலில் உள்ள எவரும் தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடியதைச் சொன்னார்.

"புதுசா குரூப்ல சேத்தா உடனே எடுக்காது சார். லாக் அவுட் பண்ணிட்டு லாக் இன் பண்ணச் சொல்லுங்க."

"எண்டால்?"

"உங்க மெஷின்ல தமிழ்லயே இருக்குமே சார், 'வெளியேறு'ன்னு. தலைவர ஒரு தடவ வெளியேறச் சொல்லுங்க. எல்லாம் சரியாயிடும்."

அத்துடன் அவர் ஏறிய ரயில் சுரங்கத்துக்குள் போய்த் தொடர்பு அறுந்துவிட்டது. போன் ஒலிபெருக்கியில் இருந்தபடியால் அறையில் இருந்த எல்லோருக்கும், படிக்கட்டில் நின்ற எனக்கும், அந்தக் கடைசி வாக்கியம் பிசகில்லாமல் கேட்டது.

தலைவரை வெளியேறச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகிவிடும்.

சனிக்கிழமை காலைக்குள் இது மிச்சம், மோர்டன் எங்கும் பரவி, பார்க்கிங் என்ற ஊரில் இருந்த தலைவரின் மச்சான் வரைக்கும் போய்விட்டது. இந்தியாவிலிருந்து ஒரு நிபுணர் வந்து பேரவையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்துவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். உப தலைவர் கிருஷ்ணராசா, விஞ்ஞானத்தை மதிக்க வேண்டும் என்று வீடு வீடாகப் போன் எடுத்தார். அவர் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசியதை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவசரப் பொதுக்கூட்டம் கூட்டப்பட்டது.

ரீச்சர் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து, தன் பெயரில் உள்ளே போய் இன்னொரு தரம் கதவைத் தட்டிப் பார்த்தார். மறுக்கப்பட்டது. அவர் தன் பக்கத்தை அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் பஸ் ஏறிப் போனார்.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதில் ஒரு சிக்கல். மண்டபத்தில் வைத்தால் கம்ப்யூட்டரைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் அணைக்க வேண்டும். அணைத்தால் தலைவர் கூட்டத்துக்கு முன்பே வெளியேறியவர் ஆகிவிடுவார். ஆகவே அலுவலக அறையிலேயே கூட்டம். நிர்வாகம் அறைக்குள் நின்றது. அங்கத்தவர்கள் படிக்கட்டில் நின்றார்கள். படிக்கட்டு கொள்ளாதவர்கள் கீழே கடையில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றார்கள். மேலே பேசுவதைப் படிக்குப் படி வாய்வழியாகக் கீழே அனுப்புவது என்று ஒழுங்கு. தலைவர் "ஒரு கணம் வெளியேறித் திரும்ப வாறன்" என்று மேலே சொன்னார். அது கடையை அடைந்தபோது, தலைவர் கனடாவுக்குப் போகிறார் என்று ஆகியிருந்தது. கீழே ஒரு அக்கா அழவே தொடங்கிவிட்டார்.

சேகர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆட்களைப் பார்த்து, கடையில் ஏதோ மலிவு விற்பனை என்று நினைத்துவிட்டார். மஹதியைக் கடையில் ரீச்சரின் பக்கத்தில் விட்டுவிட்டு, பக்கவாட்டாகப் படியேறி அறைக்குள் வந்தார். மேசையில் பூமாலை, பொன்னாடை, ஒரு வாழ்த்துமடல்.

"சார், இது என்ன?"

"பிரியாவிடை" என்றார் செயலாளர்.

சேகர் திகைத்துப் போனார். "சார், அது லாக் அவுட் சார். ஒரு பட்டன். அரை நிமிஷத்துல திரும்பி உள்ள வந்துடுவாரு."

தலைவர் கதிரையில் இருந்தபடி அவரைப் பார்த்தார். "தம்பி, உங்கட ஊரில எப்பிடியோ தெரியாது. எங்கட ஆக்களில வெளியேறினவை திரும்பி வந்ததாச் சரித்திரம் இல்லை."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் கிருஷ்ணராசா விடவில்லை. "அந்த அரை நிமிஷம் பேரவைக்குத் தலைவர் ஆர்?" என்று கேட்டார். நல்ல கேள்வி என்று படிக்கட்டு ஆமோதித்தது. யாப்பைப் புரட்டினார்கள். அரை நிமிட வெற்றிடத்தைப் பற்றி யாப்பில் ஒன்றும் இல்லை. இடைக்காலத் தலைவர் பதவிக்கு மூன்று பெயர்கள் பிரேரிக்கப்பட்டன. பிரேரித்தவர்களும் அதே மூன்று பேர்தான். ஒரு மணித்தியால வாக்குவாதத்துக்குப் பிறகு மூவரும் சேர்ந்த ஓர் இடைக்காலத் தலைமைக் குழு அமைக்கப்பட்டது. அந்த அரை நிமிடத்தில் மூவரில் எவரும் அசையக் கூடாது என்று ஓர் உடன்பாடும் கைச்சாத்தானது.

பிறகு உரைகள். முதலில் கிருஷ்ணராசா.

"வெளியேறுறதில ஒரு வெக்கமும் இல்லை. நான் இதுவரைக்கும் மூண்டு சங்கங்களிலயிருந்து வெளியேறியிருக்கிறன். ஒண்டுக்கும் ஒரு குறையும் வரேல்லை. சொல்லப்போனால் நான் வெளியேறின பிறகுதான் அதெல்லாம் ஒழுங்கா நடக்குது."

பலத்த கைதட்டல். அவர் அதை எந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார் என்பது தெரியவில்லை, கைகூப்பி ஏற்றுக்கொண்டார்.

தலைவர் பேசத் தொடங்கியபோது சேகர், "நீங்க பேசுங்க சார், திரும்பி வர்றதுல ஏதும் சிக்கல் இருக்கான்னு நான் ஒரு தடவ பாத்துடறேன்" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தலைவர் கீபோர்டைக் கொடுத்தார். மவுசைக் கொடுக்கவில்லை. அதன்மேல் கையை வைத்தபடியே பேசினார்.

"எனக்குப் பதவியில ஆசை இல்லை. பதவிக்குத்தான் என்னில ஆசை. ஒவ்வொரு வருசமும் நான் போப்போறன் எண்டுதான் சொல்லுறனான். ஆனா ஆரிட்டைக் குடுத்திட்டுப் போறது? தகுதியான ஆள் ஒருத்தர் வந்தால் உடனே விடுவன். அப்பிடி ஆரும் வராமல் நான்தான் கவனமாப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

சேகர் இதைக் கேட்கவில்லை. அவர் திரையில், இதற்கு முன் தட்டப்பட்ட கட்டளைகளை மேலே உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில் கை நின்றது. மேசையில் ஒட்டியிருந்த பிரியந்தனின் துண்டைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"குகநாதன் சார்" என்றார் மெதுவாக. "இங்க 'ஜி'ங்கற எழுத்துக்கு முன்னாடி ஒரு 'ஏ' இருக்கணுமே. துண்டுல எழுதியிருக்கு. நீங்க அடிச்சதுல இல்லையே?"

செயலாளரின் முகம் மலர்ந்தது. யாராவது கேட்க மாட்டார்களா என்று நெடுநாள் காத்திருந்தவர்போல இருந்தார்.

"அதை நான்தான் எடுத்துவிட்டனான் தம்பி. உந்த ஏ எண்டது எங்கட அகரம். அகரம் முன்னால வந்தால் என்ன பொருள்? நீதி, அநீதி. தர்மம், அதர்மம். சுத்தம், அசுத்தம். எதிர்மறை! ஒராளைக் குழுவில சேர்க்கிற நேரம் குழுவுக்கு முன்னால எதிர்மறையைப் போடலாமோ? பிரியந்தன் பாவம், இங்க வளந்த பொடியன். அவனுக்கு இலக்கணம் தெரியாது."

சேகர் துண்டிலிருந்த அந்த எழுத்தின்மேல் விரலை வைத்தார்.

"சார், அந்த ஏன்னா 'சேர்'னு அர்த்தம். ஏற்கெனவே இருக்கறதோட இதையும் சேர்னு. அத எடுத்துட்டா, இனிமே இவர் இந்த ஒரு குரூப்ல மட்டும்தான், மத்த எல்லாத்துலேருந்தும் தூக்குன்னு அர்த்தம்."

"அப்ப அகரம் இல்லாட்டித்தான் எதிர்மறையோ? என்ன இலக்கணமப்பா உது!"

ரீச்சருக்கு நடந்தது இதுதான் என்பது சேகருக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆண்டு விழாக் குழுவில் சேர்த்த கையே அவரைப் பரீட்சைக் குழுவிலிருந்து தூக்கி எறிந்திருக்கிறது. உடனே இன்னொரு யோசனை வந்திருக்க வேண்டும். அவர் முகம் வெளிறியது. தலைவரின் பெயரைத் தட்டி, இயந்திரத்தின் பதிவில் அவர் எந்தக் குழுக்களில் இருக்கிறார் என்று கேட்டார். ஒரே ஒரு குழு வந்தது: பரீட்சைக் குழு. நிர்வாகக் குழுவின் வரியைப் பார்த்தார். அதில் ஒருவர் பெயரும் இல்லை.

பதிவின்படி எங்கள் தலைவர் வெள்ளிக்கிழமையே பதவி இழந்துவிட்டார். ஆனால் அவர் வெளியேறாமல் இருந்தபடியால் அந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. உள்ளே வந்தபோது கொடுத்த அதிகாரம் உள்ளே இருக்கும்வரை செல்லும். வெளியே கால் வைத்த மறுகணம், அந்த இயந்திரத்தில் எவரையும் எதிலும் சேர்க்கும் உரிமை உலகத்தில் எவருக்கும் இல்லை. தலைவர் திரும்பி வந்தால் பரீட்சை அறைக்குள் போகலாம், ஆனால் ரீச்சர் போட்ட பதிவுகள் ரீச்சரின் பெயருக்குத்தான் திறக்கும்; ரீச்சருக்குக் கதவைத் திறந்துவிடவோ ஆள் இல்லை. வேறு வழிகளும் உண்டாம். ஆனால் பிரியந்தன் அவற்றுக்கும் பூட்டுப் போட்டுவிட்டுத்தான் விமானம் ஏறியிருந்தான். அவனைக் கனடாவில் தேடிப் பிடிப்பதற்குள் திங்கட்கிழமை போய்விடும். மஹதியின் பத்து நிமிடமும் போய்விடும்.

சேகர் நிமிர்ந்தார். அதற்குள் தலைவர் உரையை முடித்து, கழுத்தில் மாலையோடு, 'வெளியேறு' என்பதை அழுத்திவிட்டிருந்தார்.

திரை மங்கியது. நடுவில் ஒரு சிறிய பெட்டி வந்தது. 'நிச்சயமாக வெளியேற வேண்டுமா? ஒரு நிமிடத்தில் தானாகவே வெளியேற்றப்படுவீர்கள்.'

தலைவர் திரையைக் காட்டினார். "கேட்டியளே? ஒரு மெஷினுக்கு இருக்கிற பாசம் உங்களில ஒருத்தருக்கும் இல்லையே. நிச்சயமாவோ எண்டு கேக்குது."

இடைக்காலத் தலைமைக் குழுவினர் மூவரும் மூச்சைப் பிடித்து அசையாமல் நின்றார்கள். பெட்டிக்குள் எண் குறைந்துகொண்டே போனது.

"தலைவர் வெளியேறக் கூடாது!" என்று சேகர் கத்தினார்.

அப்படிக் கத்துவார் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். பேரவையின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு வாக்கியம் மேலிருந்து கீழே ஓர் எழுத்தும் மாறாமல் போய்ச் சேர்ந்தது. தலைவர் வெளியேறக் கூடாது. கடையில் நின்றவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்த அக்கா 'வாழ்க' என்றார். தலைவர் 'ரத்து' என்பதை அழுத்தினார். திரை வெளிச்சமானது.

"ஏன் தம்பி?" என்று கேட்டார்.

சேகர் பொய் சொல்லத் தெரியாதவர். "நீங்க வெளிய போயிட்டா இந்த மெஷின்ல யாருக்குமே அதிகாரம் இருக்காது சார். எல்லாமே முடங்கிடும்."

"இதைத்தான் நான் எட்டு வருசமாச் சொல்லிக்கொண்டிருக்கிறன்" என்றார் தலைவர்.

கிருஷ்ணராசா வாயைத் திறந்தார். ஆனால் அவர் அசையக் கூடாது என்று கைச்சாத்திட்டிருந்தார்.

"சார், உங்க பாஸ்வேர்டு ஒரு தடவ வேணும்" என்றார் சேகர். நிர்வாகம் முழுவதும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. தலைவர் ஒற்றை விரலால், வாயசைத்தபடி, தட்டினார். சேகர் இரண்டு வரிகள் தட்டினார். முதல் வரியில் ரீச்சரைப் பரீட்சைக் குழுவில் சேர்த்தார். அடுத்த வரியில் தலைவரை நிர்வாகக் குழுவில் திரும்பவும் சேர்த்தார். இரண்டிலும் அகரம் இருந்தது. செயலாளர் அதைப் பார்க்கச் சகிக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்ப டீச்சர் மேல வரணும்" என்றார் சேகர்.

ஆனால் கீழே சனம் தலைவரைக் காட்டு, தலைவரைக் காட்டு என்று கேட்கத் தொடங்கியிருந்தது. தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்தார். ஆம், கதிரையை விட்டு எழுந்தார். கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். மாலையைச் சரிசெய்துகொண்டு, வெளியேறாததற்காகக் கிடைக்கும் கைதட்டலை வாங்கிக்கொள்ள, வாசலைத் தாண்டிப் படிக்கட்டின் மேல்படிக்குப் போனார். நிர்வாகமும் யாரோ எடுக்கும் புகைப்படத்தில் விழ வேண்டுமே என்று முண்டியடித்துக்கொண்டு பின்னால் போனது. பொன்னாடை போர்த்தினார்கள். ஆயுட்காலத் தலைவர் என்று யாரோ பிரேரிக்க, யாரோ வழிமொழிய, படிக்கட்டு அதிர்ந்தது. கிருஷ்ணராசாகூடக் கையைத் தட்டினார். தட்டாமல் நின்றால் படத்தில் தெரியும்.

அந்தச் சனத்தைப் பிளந்துகொண்டு, மஹதியின் கையைப் பிடித்தபடி, யசோதினி ரீச்சர் மேலே ஏறி வந்தார். வந்து காலியாகக் கிடந்த கதிரையில் இருந்தார். எனக்குப் படத்தில் இடமில்லாதபடியால் நான் அறையிலேயே நின்றேன்.

சேகர் வாசலில் தலைவரை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "டீச்சர், உங்க பக்கம் நேத்துலேருந்து தொறந்தே இருக்கு. நீங்களும் ஒரு தடவ வெளியேறிட்டு உள்ள வந்தாத்தான்..."

"வந்திட்டன்" என்றார் ரீச்சர்.

திரையில் பரீட்சை அறை திறந்து கிடந்தது. பிள்ளைகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மஹதி தன் பெயரைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்தாள். ரீச்சர் கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்துச் செருகி, எல்லாவற்றையும் அதற்குள் இழுத்துப் போடத் தொடங்கினார்.

"எப்ப டீச்சர் வெளிய போனீங்க?" என்று சேகர் நம்ப முடியாமல் கேட்டார். "நான் பாக்கவே இல்லையே."

வெளியே இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ரீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாங்கள் போறதையும் வாறதையும் ஆர் தம்பி பாக்கினம்?"